மின் விநியோக வலையமைப்பை மீள் ஒழுங்கமைத்து வலு இழப்பைக் குறைத்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
மின்னியல்: மேலதிக விளக்கமும் பயிற்சியும்

1. அறிமுகம்

மாணவர்களே, மின்னோட்டத்தின் வெப்ப விளைவு என்ற பாடத்தில் மின்னழுத்தியையும் மின் கேத்தலையும் உதாரணமாகப் படித்திருப்பீர்கள். அங்கே வெப்பம் நமக்குத் தேவையான ஒன்று. ஆனால் அதே வெப்பம் வீதியோரம் செல்லும் மின்கம்பியிலும் உண்டாகின்றது. அது யாருக்கும் பயன்படாமல் காற்றோடு போகின்றது. அதற்கான எரிபொருளும் நீரும் மின்நிலையத்தில் ஏற்கெனவே செலவாகிவிட்டன.

2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. எரிபொருள் வாங்க நாட்டிடம் வெளிநாட்டுப் பணம் இல்லாதிருந்தமையே அதற்கு முக்கிய காரணம். அப்படிப்பட்ட காலத்தில், உற்பத்தி செய்த மின்னில் எவ்வளவு கம்பியிலேயே வீணாகின்றது என்பது வெறும் பரீட்சை வினாவாக இருக்காது.

இவ்விழப்பைக் குறைக்கப் பல வழிகள் உள்ளன. தடித்த கம்பி இடலாம், புதிய உப மின்நிலையம் கட்டலாம். இவற்றுக்குப் பெருந்தொகை வேண்டும். ஏற்கெனவே உள்ள கம்பிகளையும் ஆளிகளையும் கொண்டே இழப்பைக் குறைக்கும் ஒரு முறையும் உண்டு. அதுவே வலையமைப்பை மீள் ஒழுங்கமைத்தல் எனப்படும்.

2. மின் வீட்டுக்கு வரும் பாதை

இலங்கையில் மின்நிலையங்களில் பிறக்கும் மின் 220 அல்லது 132 கிலோவோல்ற்றுக்கு உயர்த்தப்பட்டு நெடுந்தூரம் கொண்டு செல்லப்படுகின்றது. உப மின்நிலையங்களில் நிலைமாற்றிகள் அதனை 33 கிலோவோல்ற்றுக்கு, சில இடங்களில் மேலும் 11 கிலோவோல்ற்றுக்குக் குறைக்கின்றன. ஊருக்குள் உள்ள சிறிய நிலைமாற்றி அதனை 400 வோல்ற்று ஆக்குகின்றது. வீட்டுக்கு வரும் ஓர் உயிர்க்கம்பிக்கும் நொதுமற் கம்பிக்கும் இடையே 230 வோல்ற்று இருக்கும்.

உப மின்நிலையத்தில் இருந்து புறப்பட்டு ஊர் ஊராகச் செல்லும் 33 அல்லது 11 கிலோவோல்ற்று வழியை ஊட்டுவழி என்போம். மின்சார ஊழியர்கள் இதனைப் பீடர் என்றே சொல்வார்கள். இப்பாடம் ஊட்டுவழிகளைப் பற்றியது.

3. இழப்புக்கான சூத்திரம்

வலு இழப்பு = மின்னோட்டம்² × தடை

இதில் மின்னோட்டம் வர்க்கமாக வருகின்றது. இவ்வொன்றை விளங்கிக்கொண்டால் பாடத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

மின்னோட்டம் இரு மடங்கானால் இழப்பு 4 மடங்காகும். மூன்று மடங்கானால் 9 மடங்காகும். மின்னை உயர் அழுத்தத்தில் கொண்டு செல்வதன் காரணமும் இதுவே. அதே வலுவை 10 மடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பத்திலொன்றாகும், இழப்பு நூறிலொன்றாகும்.

இனி, சம தடையுள்ள இரு கம்பிகள் மொத்தமாக 100 அம்பியர் மின்னோட்டத்தைக் கொண்டு செல்கின்றன எனக் கொள்க. ஒவ்வொன்றினதும் தடை 1 ஓம்.

ஒன்றில் 90 அம்பியர், மற்றதில் 10 அம்பியர் எனின்:
90² + 10² = 8100 + 100 = 8200 வாற்று

இரண்டிலும் 50 அம்பியர் எனின்:
50² + 50² = 2500 + 2500 = 5000 வாற்று

மொத்த மின்னோட்டம் மாறவில்லை, கம்பியும் மாறவில்லை. சுமையைச் சமமாகப் பகிர்ந்ததால் மட்டும் 3200 வாற்று மீதமாகின்றது. ஒரு வழியில் நெரிசலும் அடுத்த வழியில் வெறுமையும் இருப்பதே வீண்செலவு.

4. ஆளிகளின் வேலை

ஊட்டுவழிகளில் இரு வகை ஆளிகளைக் காணலாம்.

(அ) பிரிப்பாளி: ஒரே வழியின் இரு பகுதிகளுக்கு இடையே உள்ளது. வழமையாக மூடியிருக்கும்.
(ஆ) இணைப்பாளி: ஒரு வழியின் முடிவையும் இன்னொரு வழியின் முடிவையும் இணைப்பது. வழமையாகத் திறந்திருக்கும்.

எந்த ஆளியைத் திறப்பது, எதனை மூடுவது என்பதை மாற்றி, ஓர் ஊரின் சுமையை ஒரு வழியில் இருந்து இன்னொரு வழிக்கு மாற்றலாம். தோட்டத்தில் தண்ணீர் மாறுபவர் ஒரு வாய்க்காலை மண்வெட்டியால் மறித்து, அடுத்த பாத்திக்குத் தண்ணீரை விடுவதைப் போன்ற வேலைதான் இது.

கவனிக்க: மடையைத் திறந்தால் தண்ணீர் ஓடும். ஆளியைத் திறந்தால் மின்னோட்டம் நிற்கும். மின்னியலில் திறந்த ஆளி என்றால் சுற்று அறுந்துள்ளது என்பது பொருள். மாணவர்கள் பலர் இவ்விடத்தில் தலைகீழாக எழுதிப் புள்ளி இழக்கின்றனர்.

5. ஏன் எல்லா ஆளிகளையும் மூடிவிடக் கூடாது?

எல்லா ஆளிகளையும் மூடினால் வலையமைப்பில் வளையங்கள் உண்டாகும். அப்போது ஓர் இடத்துக்கு இரு பக்கத்தாலும் மின் வரும். கம்பி அறுந்து விழுந்தாலோ குறுஞ்சுற்று ஏற்பட்டாலோ, பழுதான இடத்தை இரு பக்கமும் இருந்து மின் ஊட்டும். குறுஞ்சுற்று மின்னோட்டமும் கூடும். சுற்றுடைப்பான்களை ஒழுங்காக இசைவிப்பது கடினமாகும்.

ஆகவே விநியோக வலையமைப்பை ஒரு மரம் போல வைத்திருப்பர். அடிமரத்தில் இருந்து ஒவ்வொரு இலைக்கும் ஒரே ஒரு பாதைதான் உண்டு. இதற்கு இரு நிபந்தனைகள்:

(1) எந்த ஊரும் மின் இல்லாமல் விடுபடக் கூடாது.
(2) எங்கும் மூடிய வளையம் இருக்கக் கூடாது.

இவ்விரண்டும் நிறைவேறும்போது, மூடியுள்ள பகுதிகளின் எண்ணிக்கை, உப மின்நிலையத்தையும் சேர்த்து எண்ணிய புள்ளிகளின் எண்ணிக்கையிலும் ஒன்று குறைவாக இருக்கும். எனவே ஓர் இணைப்பாளியை மூடினால் வேறொரு பிரிப்பாளியைத் திறந்தே ஆகவேண்டும்.

6. செய்துகாட்டிய உதாரணம்

ஓர் உப மின்நிலையத்தில் இருந்து கிழக்கு வழி, மேற்கு வழி என இரு ஊட்டுவழிகள் புறப்படுகின்றன.

கிழக்கு வழியில் ஊர் 1, ஊர் 2, ஊர் 3, ஊர் 4 என்பன வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றும் 40 அம்பியர் பெறுகின்றது.
மேற்கு வழியில் ஊர் 5, ஊர் 6 என்பன வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றும் 20 அம்பியர் பெறுகின்றது.
ஊர் 4 ஐயும் ஊர் 6 ஐயும் இணைக்கும் கம்பியில் இணைப்பாளி திறந்துள்ளது.
ஒவ்வொரு பகுதியினதும் தடை 0.5 ஓம். இணைப்புக் கம்பியின் தடையும் 0.5 ஓம்.

(கணிப்பு ஓர் அவத்தைக்கு மட்டும். ஆளிகளை மாற்றும்போது ஊர்களின் மின்னோட்டம் மாறாது எனக் கொள்க.)

நிலை 1: இணைப்பாளி திறந்துள்ளது

கிழக்கு வழியின் முதற் பகுதி நான்கு ஊர்களின் மின்னோட்டத்தையும் சுமக்கின்றது. எனவே பகுதிகளின் மின்னோட்டங்கள் 160, 120, 80, 40 அம்பியர்.
வர்க்கங்களின் கூட்டுத்தொகை = 25600 + 14400 + 6400 + 1600 = 48000
மேற்கு வழியில் 40, 20 அம்பியர்.
வர்க்கங்களின் கூட்டுத்தொகை = 1600 + 400 = 2000
மொத்த இழப்பு = 50000 × 0.5 = 25000 வாற்று = 25 கிலோவாற்று

நிலை 2: இணைப்பாளியை மூடி, ஊர் 3 க்கும் ஊர் 4 க்கும் இடையே திறத்தல்

ஊர் 4 இப்போது மேற்கு வழியில் இருந்து மின் பெறுகின்றது.
கிழக்கு: 120, 80, 40 அம்பியர். கூட்டுத்தொகை = 14400 + 6400 + 1600 = 22400
மேற்கு: 80, 60, 40 அம்பியர். கூட்டுத்தொகை = 6400 + 3600 + 1600 = 11600
மொத்த இழப்பு = 34000 × 0.5 = 17000 வாற்று = 17 கிலோவாற்று

நிலை 3: இணைப்பாளியை மூடி, ஊர் 2 க்கும் ஊர் 3 க்கும் இடையே திறத்தல்

ஊர் 3, ஊர் 4 இரண்டும் மேற்கு வழிக்கு வருகின்றன.
கிழக்கு: 80, 40 அம்பியர். கூட்டுத்தொகை = 6400 + 1600 = 8000
மேற்கு: 120, 100, 80, 40 அம்பியர். கூட்டுத்தொகை = 14400 + 10000 + 6400 + 1600 = 32400
மொத்த இழப்பு = 40400 × 0.5 = 20200 வாற்று = 20.2 கிலோவாற்று

முடிவு: நிலை 2 சிறந்தது. இழப்பு 25 இல் இருந்து 17 கிலோவாற்றாகக் குறைந்தது. இது 32 வீதக் குறைவு. நிலை 3 இல் அளவுக்கு மிஞ்சி மாற்றியதால் நெரிசல் மேற்கு வழிக்குப் போய்விட்டது. சுமையை மாற்றினால் இழப்பு எப்போதும் குறையும் என எழுதுவது பிழை. எவ்வளவு மாற்றுகின்றோம் என்பதைப் பொறுத்ததே பயன்.

மூன்று அவத்தைகளுக்கும் சேர்த்து 8 × 3 = 24 கிலோவாற்று மீதமாகின்றது. இந்நிலை மாலையில் 4 மணித்தியாலம் நீடித்தால் ஒரு நாளில் 24 × 4 = 96 அலகு, 30 நாளில் 2880 அலகு மீதமாகும். மாதம் 90 அலகு பாவிக்கும் 32 வீடுகளுக்கு இது போதும். (1 அலகு = 1 கிலோவாற்று மணி.)

7. கடைசி வீட்டின் அழுத்தம்

இழப்போடு சேர்ந்து இன்னொன்றும் குறைகின்றது. அது அழுத்த வீழ்ச்சி.

அழுத்த வீழ்ச்சி = மின்னோட்டம் × தடை

நிலை 1 இல் ஊர் 4 வரையுள்ள வீழ்ச்சி = 0.5 × (160 + 120 + 80 + 40) = 200 வோல்ற்று
நிலை 2 இல் ஊர் 4 வரை = 0.5 × (80 + 60 + 40) = 90 வோல்ற்று
நிலை 2 இல் ஊர் 3 வரை = 0.5 × (120 + 80 + 40) = 120 வோல்ற்று

ஆகக் கூடிய வீழ்ச்சி 200 இல் இருந்து 120 வோல்ற்றாகிவிட்டது. இவை உயர் அழுத்தப் பக்கத்து அளவுகள். ஊர் நிலைமாற்றிக்கு வரும் அழுத்தம் குறைந்தால் வீட்டுக்கு வரும் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும்.

இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்றிலும் 6 வீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ற்று வரை. இதற்குக் கீழே போனால் குழல்விளக்கு பற்றாமல் துடிக்கும், மின்விசிறி மெதுவாகச் சுழலும். நீர்ப்பம்பியின் மோட்டர் கூடிய மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகி எரிந்துபோகவும் கூடும். வழியின் கடைசியில் உள்ள வீட்டாரும் தோட்டக்காரரும் முன்னால் உள்ளவர்கள் செலுத்தும் அதே கட்டணத்தைத்தான் செலுத்துகின்றனர். அவர்களுக்கும் ஒழுங்கான அழுத்தம் கிடைக்க வேண்டும்.

8. சிறந்த இடத்தைத் தேடும் முறை

மேலே மூன்று நிலைகளை மட்டும் ஒப்பிட்டோம். உண்மையான வலையமைப்பில் இது இலகுவன்று.

அமெரிக்காவில் பாரன், வூ என்னும் இருவர் 1989 இல் வெளியிட்ட ஆய்வில் 33 புள்ளிகளைக் கொண்ட ஒரு மாதிரி வலையமைப்பைத் தந்தனர். அதில் 32 பகுதிகள் மூடியும் 5 இணைப்பாளிகள் திறந்தும் உள்ளன. ஆக மொத்தம் 37 பகுதிகள். இவற்றில் எந்த 5 ஐத் திறப்பது? 37 இல் 5 ஐத் தெரிவு செய்ய 435897 வழிகள் உள்ளன. அவற்றுட் பல மேலே கூறிய இரு நிபந்தனைகளுக்கும் பொருந்தா. எனினும் எஞ்சியவையும் கையாற் கணிக்க முடியாத அளவு பெருந்தொகை.

1975 இல் மேர்லின், பக் என்போர் ஓர் எளிய வழியைக் கூறினர். முதலில் எல்லா ஆளிகளும் மூடியுள்ளன எனக் கருதிக் கணிக்க வேண்டும். பின்னர் ஆகக் குறைந்த மின்னோட்டம் செல்லும் பகுதியைத் திறக்க வேண்டும். வளையங்கள் எல்லாம் நீங்கும் வரை இவ்வாறே தொடர வேண்டும். இது கடதாசியிலோ கணினியிலோ செய்யும் கணிப்பு.

நமது உதாரணத்தில் இதனைச் செய்து பார்ப்போம். கிழக்கு வழியின் முதற் பகுதியில் செல்லும் மின்னோட்டம் ய அம்பியர் எனக் கொள்க. வளையத்தைச் சுற்றி வரும்போது 7 பகுதிகளின் மின்னோட்டங்கள் முறையே:

ய, ய – 40, ய – 80, ய – 120, ய – 160, ய – 180, ய – 200

வளையம் தொடங்கிய இடத்திலேயே முடிவதால் அழுத்த வீழ்ச்சிகளின் கூட்டுத்தொகை பூச்சியம். தடைகள் சமன் ஆதலால் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகையும் பூச்சியம்.

7ய – 780 = 0
ய = 111.4 அம்பியர் (அண்ணளவாக)

எனவே மின்னோட்டங்கள்: 111.4, 71.4, 31.4, –8.6, –48.6, –68.6, –88.6. மறைக் குறி எதிர்த்திசையைக் காட்டும். ஆகக் குறைந்த பருமன் 8.6 அம்பியர். அது நான்காவது பகுதி, அதாவது ஊர் 3 க்கும் ஊர் 4 க்கும் இடையே உள்ளது. நிலை 2 இல் நாம் திறந்ததும் அதே இடம்தான்.

வளையத்தை அப்படியே மூடி வைத்திருந்தால் இழப்பு ஏறத்தாழ 16.7 கிலோவாற்று. திறந்த பின் 17 கிலோவாற்று. 0.3 கிலோவாற்று மட்டும் கூடக் கொடுத்துப் பாதுகாப்பைப் பெறுகின்றோம்.

பாரன், வூ தந்த மாதிரியின் மொத்தச் சுமை 3715 கிலோவாற்று, தொடக்க இழப்பு 202.7 கிலோவாற்று. பின்வந்த ஆய்வாளர்கள் பல முறைகளாற் தேடி, 5 திறப்புகளின் இடத்தை மாற்றுவதால் மட்டும் இதனை ஏறத்தாழ 139.5 கிலோவாற்றாக்கலாம் எனக் கண்டனர். இது 31 வீதக் குறைவு. ஆகக் குறைந்த அழுத்தமும் 91.3 வீதத்தில் இருந்து 93.8 வீதமாக உயர்ந்தது.

9. நேரத்துக்கு நேரம் மாறும் சுமை

இலங்கையில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சப் பாவனை நேரமாகக் கொள்ளப்படுகின்றது. வீடுகள் நிறைந்த வழியில் அப்போது நெரிசல் கூடும். தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் உள்ள வழியில் பகலில் கூடும். வீட்டுக் கூரைகளில் சூரிய மின்கலத் தகடுகள் பெருகிய இடங்களில் நண்பகலில் மின் எதிர்த்திசையிலும் பாயலாம். ஆகவே ஒரு நேரத்துக்குச் சிறந்த ஒழுங்கு இன்னொரு நேரத்துக்குச் சிறந்ததாக இராது.

அதற்காக ஆளிகளை மணிக்கு மணி மாற்றுவதும் பொருத்தமன்று. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆளி தேய்கின்றது. தொலைவில் இருந்து இயக்கும் வசதி இல்லையெனில் ஊழியர் நேரில் செல்ல வேண்டும். மேலும் புதிய சுமையைத் தாங்கும் அளவுக்கு அடுத்த வழியின் கம்பி தடித்ததா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

10. இம்முறையால் குறையாத இழப்புகள்

(1) நிலைமாற்றியின் அகணியில் சுமை இல்லாதபோதும் ஏற்படும் இழப்பு.
(2) மின்திருட்டு, பிழையான மின்மானி என்பவற்றால் கணக்கில் வராத மின்.
(3) ஊருக்குள் செல்லும் 400 வோல்ற்றுக் கம்பிகளில் ஏற்படும் இழப்பின் பெரும்பகுதி.

2000 ஆம் ஆண்டளவில் இலங்கையில் உற்பத்தியான மின்னில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு பாவனையாளரைச் சென்றடையும் முன் இழக்கப்பட்டது. 2010 களின் பிற்பகுதியில் அது 10 வீதத்துக்குக் கீழே வந்தது. இது மீள் ஒழுங்கமைத்தலால் மட்டும் கிடைத்த பயனன்று. புதிய உப மின்நிலையங்கள், புதிய வழிகள், திருத்தமான மின்மானிகள் எல்லாம் சேர்ந்தே இதற்கு உதவின.

11. உயிரோடு தொடர்புடைய ஒரு குறிப்பு

இணைப்பாளி உள்ள இடத்தில் ஒரு பக்கம் மின் நின்றாலும் மறுபக்கம் மின் இருக்கும். ஆகவே அறுந்து விழுந்த கம்பியை "கரண்ட் இல்லைத்தானே" என்று நினைத்து ஒருபோதும் தொடக் கூடாது.

மின்வெட்டு நேரத்தில் ஜெனரேற்றரை வீட்டுச் சுவர்க் குதையில் நேரடியாகப் பொருத்துவதும் இதே வகை ஆபத்தாகும். அந்த மின் வெளியே சென்று ஊர் நிலைமாற்றியில் எதிர்த்திசையிற் பாய்ந்து பல்லாயிரம் வோல்ற்றாக உயரும். கம்பத்தில் ஏறி நிற்கும் ஊழியர் உயிரிழக்கலாம். பிரதான வழியைத் துண்டித்த பின்னரே ஜெனரேற்றரை இணைக்கும் மாற்றாளியைத் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு பொருத்த வேண்டும்.

12. பயிற்சி வினாக்கள்

1. ஒரு கம்பியில் மின்னோட்டம் 3 மடங்கானால் வலு இழப்பு எத்தனை மடங்காகும்?
(1) 3 (2) 6 (3) 9 (4) 27

2. ஓர் இணைப்பாளியை மூடும்போது ஒரு பிரிப்பாளியைத் திறப்பது ஏன்?
(1) மின்னழுத்தத்தை உயர்த்த (2) வளையம் உண்டாவதைத் தவிர்க்க (3) தடையைக் கூட்ட (4) மின்மானியைத் திருத்த

3. இரு ஊட்டுவழிகள் ஒவ்வொன்றினதும் தடை 2 ஓம். ஒன்றில் 60 அம்பியரும் மற்றதில் 20 அம்பியரும் பாய்கின்றன.
(அ) மொத்த வலு இழப்பைக் காண்க.
(ஆ) 20 அம்பியர் சுமை இரண்டாவது வழிக்கு மாற்றப்பட்டால் புதிய இழப்பு யாது? (இணைப்புக் கம்பியின் தடையைப் புறக்கணிக்க.)
(இ) 5 மணித்தியாலத்தில் மீதமாகும் அலகுகள் எத்தனை?

4. உப மின்நிலையம் உட்பட 12 புள்ளிகளைக் கொண்ட வலையமைப்பில் 15 பகுதிகள் உள்ளன. திறந்திருக்க வேண்டிய பகுதிகள் எத்தனை?

5. "இரவுக்கு ஏற்ற ஆளி ஒழுங்கு பகலுக்கு ஏற்றதன்று." காரணம் தருக.

விடைகள்

1. (3)
2. (2)
3. (அ) 60² × 2 + 20² × 2 = 7200 + 800 = 8000 வாற்று
(ஆ) 40² × 2 + 40² × 2 = 6400 வாற்று
(இ) மீதம் 1600 வாற்று = 1.6 கிலோவாற்று. 1.6 × 5 = 8 அலகு
4. மூடியிருக்க வேண்டியவை 12 – 1 = 11. திறந்திருக்க வேண்டியவை 15 – 11 = 4
5. வீடுகளின் சுமை மாலையிலும் தொழிற்சாலை, அலுவலகச் சுமை பகலிலும் உச்சமடைகின்றன. எனவே நெரிசலான வழி நேரத்துக்கேற்ப மாறும். இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததால் சிறந்த திறப்பிடமும் மாறும்.

பரீட்சைக் குறிப்பு: மின்னோட்டங்களைக் கூட்டிய பின் வர்க்கிக்க வேண்டாம். ஒவ்வொரு பகுதியினதும் மின்னோட்டத்தைத் தனித்தனியே வர்க்கித்து, தடையால் பெருக்கி, இறுதியிற் கூட்டுக. விடையுடன் அலகை எழுத மறவாதீர்.